சமணர் மலையில் யார் பெயர்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கோடைக்குக் கொடைக்கானல், ஏற்காடு என்று பக்கம் பக்கமாக எழுதியிருந்தீர்கள். பஸ் டிக்கெட் காசிலேயே ஏறிவிட மதுரைக்காரர்களுக்கு ஒரு மலை இருக்கிறது. கீழக்குயில்குடி சமணர் மலை. தாமரைக்குளம், ஆலமரம், அய்யனார் கோயில் எல்லாம் தாண்டிப் பாறையில் வெட்டிய படிகளில் ஏறினால், என் போன்ற மூட்டுவலிக்காரரும் அரை மணிக்குள் பேச்சிப்பள்ளம் போய்விடலாம். வெயில் ஏறுமுன் போக வேண்டும். பிறகு பாறை செருப்பையும் மீறிச் சுடும்.

அங்கே சுனைக்கு அருகில் எட்டுச் சமணச் சிற்பங்கள் வரிசையாக இருக்கின்றன. பாகுபலியின் கால்களில் கொடி சுற்றியிருக்கிறது. பார்சுவநாதருக்கு நாகம் குடை பிடிக்கிறது. ஆயிரம் ஆண்டுக்கு மேற்பட்ட வேலை. கீழே வட்டெழுத்து, அதாவது தமிழின் பழைய எழுத்து வடிவம். எனக்கு அதைப் படிக்கத் தெரியாது. புத்தகத்தில் பார்த்து ஒரு வரியை மட்டும் மனப்பாடம் செய்து வைத்திருக்கிறேன்: 'ஸ்ரீ அச்சணந்தி தாயார் குணமதியார் செய்வித்த திருமேனி.'

போன ஞாயிற்றுக்கிழமை ஒரு பையன், கல்லூரி வயதுதான், பக்கத்துப் பாறையில் பைக் சாவியால் தன் பெயரைக் கீறிக்கொண்டிருந்தான். ஏற்கெனவே அங்கே அம்பு துளைத்த இதயங்களுக்குப் பஞ்சமில்லை. அதட்டினேன். அவன் கோபப்படவில்லை. சிற்பத்தின் அடியைக் காட்டி, "இவர்களும் பெயர்தானே தாத்தா எழுதியிருக்கிறார்கள்?" என்றான்.

சட்டென்று பதில் வரவில்லை. பிறகு அந்த வரியைச் சொன்னேன். "ஒரு துறவியின் அம்மா, சிலை செய்யக் கொடுத்துவிட்டு அடியில் பெயர் போட்டிருக்கிறார்" என்றேன். சாவி அவன் சட்டைப்பைக்குள் போனது. குனிந்து, "இதில் எது 'தாயார்'?" என்று கேட்டான். எனக்குக் காட்டத் தெரியவில்லை.

'கிறுக்கினால் தண்டனை' என்று எழுதிப் போட்டால் அந்தப் பலகையிலேயே கிறுக்குவார்கள். சம்பந்தப்பட்ட துறையினருக்கு என் வேண்டுகோள் சிறியது. சிற்பங்களுக்கு எதிரே, பாறையில் ஆணி அடிக்காமல், அந்த ஒரு வரியை வட்டெழுத்திலும், அதன் கீழே எழுத்துக்கு எழுத்து இன்றைய தமிழிலும் பெரிதாக எழுதி வையுங்கள். அதுவரை நீங்களாவது உங்கள் ஞாயிறு இதழில் ஒருமுறை அப்படி அச்சிட்டால், கத்தரித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொள்வேன். அந்தப் பையன் மறுபடி வருவதாகச் சொல்லியிருக்கிறான்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வாசகர் ஒருவர், மதுரை