வீட்டுக் கணினியில் ஒரு பாகப்பிரிவினை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் அளித்துவந்த வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியுடன் முடிந்த பிறகு, மடிப்பாக்கத்தில் எங்கள் தெருவில் மட்டும் நான்கு வீடுகளில் புதுக் கணினி வாங்கியிருக்கிறார்கள், அல்லது பழையதில் விண்டோஸ் 11 ஏற்றியிருக்கிறார்கள். இந்த நேரத்தில் தங்கள் நாளிதழின் கணினிப் பகுதியில், ஹார்ட் டிஸ்க்கை மூன்று அல்லது நான்கு பார்ட்டிஷன்களாக, அதாவது சி, டி என்று தனித்தனி டிரைவுகளாகத் தெரியும் பகுதிகளாக, பிரித்துக்கொண்டு, புகைப்படங்களையும் ஆவணங்களையும் டி டிரைவில் வைத்துவிட்டால் அவை பத்திரமாக இருக்கும் என்ற யோசனை வெளியாகியிருந்தது. அந்த யோசனையில் பாதி காலாவதியாகிவிட்டது, மீதிப் பாதி ஆபத்தானது என்பது என் கருத்து. அனுபவத்தில் பட்டுத் தெரிந்துகொண்டவள் என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

பிரித்து வைக்கும் பழக்கம் காரணமில்லாமல் வந்ததல்ல. 1998இல் ரிச்சி தெருவில் நாங்கள் வாங்கிய முதல் கணினியில் 3.2 ஜி.பி. ஹார்ட் டிஸ்க் இருந்தது. கடைக்காரர் ஏற்றித்தந்த விண்டோஸ் 95-இன் முதல் பதிப்புக்கு டிஸ்க்கில் கோப்புகளை அடுக்கிவைக்க ஃபாட்-16 என்ற கோப்பு முறைதான் தெரியும். அதில் ஒரு பார்ட்டிஷன் 2 ஜி.பி.க்கு மேல் போக முடியாது. ஆகவே இரண்டாகப் பிரிப்பதைத் தவிர வேறு வழியே அன்று இருக்கவில்லை. இன்னொரு சங்கடமும் உண்டு. பார்ட்டிஷன் 1 ஜி.பி.யைத் தாண்டினால், ஒவ்வொரு கோப்புக்கும் குறைந்தது 32 கே.பி. இடம் ஒதுக்கப்பட்டுவிடும், மாணவர் ஒருவருக்கு நான் எழுதிய 2 கே.பி. நன்னடத்தைச் சான்றிதழும் அத்தனை இடத்தைப் பிடித்துக்கொள்ளும். அதனால் விவரம் தெரிந்தவர்கள் இன்னும் சிறிய துண்டுகளாகப் பிரித்து இடத்தை மிச்சப்படுத்தினார்கள். சுழலும் தட்டுகளில் வெளி விளிம்பில் உள்ள தகவல் விரைவாகப் படிக்கப்படும் என்பதால், முதலில் அமையும் சி டிரைவைச் சிறியதாக வைத்துக்கொள்வதிலும் ஒரு நியாயம் இருந்தது.

(முதல் டிரைவுக்கு ஏன் ஏ என்று பெயரில்லை என்று என் பேரன் கேட்டான். ஏ, பி இரண்டும் ஃபிளாப்பிக்கு உரியவை என்று சொன்னேன். ஃபிளாப்பி என்றால் என்ன என்பது அடுத்த கேள்வி.)

இந்தக் காரணங்களில் ஒன்றுகூட இன்றைய எஸ்.எஸ்.டி.க்கு, அதாவது மின்னணுச் சில்லுகளில் தகவலைச் சேமிக்கும் டிஸ்க்குக்கு, பொருந்தாது. அதில் சுழலும் தட்டு இல்லை, ஓடித் தேடும் முள்ளும் இல்லை. இன்று விண்டோஸ் பயன்படுத்தும் என்.டி.எஃப்.எஸ். கோப்பு முறைக்கு 2 ஜி.பி. வரம்பும் கிடையாது. நாம் சி, டி என்று எப்படிக் கோடு போட்டாலும், எஸ்.எஸ்.டி.க்குள் இருக்கும் கட்டுப்பாட்டுச் சில்லு, தேய்மானம் சமமாகப் பரவ வேண்டும் என்பதற்காக, எல்லாச் சில்லுகளிலும் மாற்றி மாற்றித்தான் எழுதுகிறது. முப்பது ஆண்டுகள் வணிகவியல் பாடம் நடத்தியவளுக்கு இதைப் புரிந்துகொள்ளக் கல்லாப்பெட்டி போதும். ஒரே பெட்டியில் இருக்கும் பணத்துக்குப் பேரேட்டில் நான்கு தலைப்புகளில் கணக்கு எழுதலாம். பெட்டி களவுபோனால் நான்கு கணக்கும் சேர்ந்தே போகும்.

இனி என் வீட்டுக் கதை. 2022இல் ஒரு கடையில் 512 ஜி.பி. எஸ்.எஸ்.டி.யுடன் கணினி ஒன்றை அசெம்பிள் செய்து வாங்கினோம். 512 என்று அட்டையில் அச்சிட்டிருந்தாலும் விண்டோஸ் காட்டியது 476 ஜி.பி.தான், உற்பத்தியாளர் ஆயிரத்தின் மடங்கில் எண்ணுகிறார், விண்டோஸ் 1,024-இன் மடங்கில் எண்ணுகிறது, ஆகவே இதில் யாரும் நம்மை ஏமாற்றவில்லை. என் மனத்தாங்கல் வேறு. என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமலே, சி-க்கு 100 ஜி.பி. கொடுத்து, மீதியை ஏறத்தாழ 125 ஜி.பி. வீதம் மூன்றாகப் பிரித்து, டேட்டா, மீடியா, பேக்கப் என்று பெயரும் சூட்டி அனுப்பிவிட்டார்கள். அப்போது அது எனக்கு நேர்த்தியாகவே தெரிந்தது. சமையலறையில் டப்பாக்களுக்குப் பெயர் ஒட்டி வைப்பவளுக்கு வேறெப்படித் தெரியும்?

இரண்டே ஆண்டுகளில் சி டிரைவின் பட்டை சிவப்பானது. டேட்டாவும் மீடியாவும் ஏறக்குறைய காலியாகவே கிடந்தன. எல்லாமே சி-க்குள் போய் அடைவது எப்படி என்று பார்த்தபோதுதான் விஷயம் விளங்கியது. வாட்ஸ்அப் வழியாக வரும் படங்கள் சி-யில் இறங்குகின்றன. இணையத்தில் தரவிறக்குவதெல்லாம் டவுன்லோட்ஸ் கோப்புறைக்குப் போகிறது, அதுவும் சி-யில்தான். புதிதாக நிறுவும் செயலிகள் நாம் வேறு இடம் சொல்லாதவரை சி-யையே தேர்ந்தெடுக்கின்றன. கணினியை உறங்க வைக்கும்போது நினைவகத்தில் உள்ளதை எழுதிவைக்க ஒரு பெரிய கோப்பு, நினைவகம் போதாதபோது கைகொடுக்க இன்னொரு கோப்பு, பெரிய அப்டேட் வந்தால் பழைய விண்டோஸின் நகல் என்று இயங்குதளமே ஜி.பி. கணக்கில் இடம் கேட்கிறது. அந்தப் பழைய நகல் பத்து நாளில் தானாக நீங்கிவிடும் என்றாலும், அப்டேட் நுழைவதற்கே முதலில் இடம் வேண்டுமல்லவா? மனிதர்கள் சேமிக்கும் விதத்தைக் கணித்து முன்கூட்டியே எல்லை வகுப்பது, கல்யாணத்துக்கு எத்தனை பேர் வருவார்கள் என்று பந்தியில் இலை போடுவதைவிடக் கடினமான காரியம்.

பக்கத்தில் டி காலியாக இருக்கிறதே, அதிலிருந்து கொஞ்சம் எடுத்து சி-க்குக் கொடுக்கலாமே என்றுதான் எவருக்கும் தோன்றும். விண்டோஸில் உள்ள டிஸ்க் மேனேஜ்மென்ட் கருவி அதற்கு அவ்வளவு எளிதில் இசைவதில்லை. சி-யை நீட்ட வேண்டுமானால், அதன் வலப்பக்கத்தை ஒட்டியே, எந்த டிரைவுக்கும் ஒதுக்கப்படாத வெற்றிடம் இருக்க வேண்டும். டி-யைச் சுருக்கினால் வெற்றிடம் டி-யின் பின்னால்தான் உண்டாகும், அதனால் பயனில்லை. டி-யை முழுவதுமாக அழித்தாலும், விண்டோஸ் நிறுவும்போது சி-யின் வாலில் தானே அமைத்துக்கொண்ட மீட்புப் பார்ட்டிஷன் (விண்டோஸ் கெட்டால் சரிசெய்வதற்கான பகுதி) குறுக்கே நின்றது. அதை நகர்த்தித்தரும் வெளி மென்பொருள்கள் இருக்கின்றன; நடுவில் மின்சாரம் போனால் என்ன ஆகும் என்று நினைத்துப் பார்த்து அந்த ஆசையைக் கைவிட்டேன். கடைசியில் என் தங்கை மகன் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் உட்கார்ந்து, எல்லாவற்றையும் வெளி டிஸ்க் ஒன்றில் நகலெடுத்து, எஸ்.எஸ்.டி.யை வெறுமையாக்கி, ஒரே சி-யாக விண்டோஸை மீண்டும் நிறுவித்தந்தான். அதன் பின் பட்டை நீலமாகவே இருக்கிறது.

இதுவரை சொன்னது அசௌகரியம் மட்டுமே. பேக்கப் என்று பெயர் சூட்டிய அந்த நான்காவது துண்டைப் பற்றித்தான் நான் அதிகம் கவலைப்படுகிறேன். எங்கள் எதிர்வீட்டுக்காரரின் கணினியிலும் இதேபோல் ஒரு டிரைவ் இருந்தது. மகளின் திருமணப் படங்கள், காலமான தாயாரின் குரல்பதிவு, வீட்டுப் பத்திரத்தின் ஸ்கேன் நகல் ஆகியவற்றை அவர் ஒழுங்காக மாதாமாதம் சி-யிலிருந்து அதற்கு நகலெடுத்துவந்தார். அந்த ஒழுங்கு என்னிடம் இல்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையின்போது தரைத்தளத்தில் தண்ணீர் புகுந்து, மேசைக்கு அடியில் தரையில் வைத்திருந்த சி.பி.யு. பெட்டி இரண்டு நாள் நீரில் கிடந்தது. அசலும் நகலும் ஒரே தட்டில், ஒரே தண்ணீரில். தகவல் மீட்டுத்தருபவர்கள் கேட்ட தொகை கணினியின் விலையைவிட அதிகமாக இருந்தது. 2015 வெள்ளத்தையும் பார்த்த ஊர் இது. இங்கே ஒரு டிரைவுக்குப் பேக்கப் என்று பெயர் வைத்துக் கொடுப்பவர்கள், அது எந்தப் பொருளுக்குள் இருக்கிறது என்பதையும் சொல்லிக் கொடுப்பதுதான் முறை.

வெள்ளம் வேண்டாம், விண்டோஸ் மட்டும் கெட்டுப்போனது என்றே வைத்துக்கொள்வோம். அப்போது டி காப்பாற்றும் அல்லவா என்று கேட்பவர்களுக்கு இரண்டு செய்திகள். சி-யை அழித்து மறுபடி நிறுவும்போது டி தப்பிக்கும் என்பது பழைய கணினிகளில் உண்மை. விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்பைப் புதிதாக நிறுவி மைக்ரோசாஃப்ட் கணக்கு வழியாக உள்நுழைந்தால், பல கணினிகளில் கோப்புகளைச் சாவியில்லாமல் படிக்க முடியாதபடி மாற்றும் குறியாக்கம் தானாகவே தொடங்கிவிடுகிறது. அது உள்ளே பொருத்தியிருக்கும் மற்ற டிரைவுகளையும் சேர்த்தே பூட்டும். சி-யை அழித்தபின் டி-யைத் திறக்கப் போனால் 48 இலக்க மீட்பு எண்ணைக் கேட்கும். அந்த எண் மைக்ரோசாஃப்ட் கணக்கில் சேமிக்கப்பட்டிருக்கும். ஆனால் கணக்கைக் கடைக்காரரே தம் விருப்பப்படி ஏதோ ஒரு மின்னஞ்சலில் திறந்து கொடுத்திருந்தால் அதை எங்கே போய்த் தேடுவது? இன்னொன்று, விண்டோஸைச் சீரமைக்க இப்போதெல்லாம் சி-யை அழிக்க வேண்டிய தேவையே பெரும்பாலும் எழுவதில்லை. ரீசெட் செய்யும்போது கோப்புகளை வைத்துக்கொள்ளும் தெரிவு இருக்கிறது. செயலிகள் நீங்கும், நம் கோப்புகள் அதே டிரைவிலேயே தங்கும்.

பிரிப்பதே தவறு என்று நான் சொல்லவில்லை. ஒரே கணினியில் விண்டோஸும் லினக்ஸ் என்ற இன்னொரு இயங்குதளமும் வேண்டுமானால் தனித்தனிப் பார்ட்டிஷன்கள் அவசியம். தமிழக அரசு 2011 முதல் மாணவர்களுக்கு வழங்கிய இலவச மடிக்கணினிகளில் விண்டோஸுடன், மத்திய அரசின் கணினி ஆய்வு நிறுவனமான சி-டாக் சென்னையில் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் அப்படித்தான் குடித்தனம் இருந்தது. லினக்ஸ் மட்டும் பயன்படுத்துபவர்கள் தம் கோப்புகள் இருக்கும் ஹோம் பகுதியைத் தனியாக வைப்பதும் பயனுள்ளதே.

மற்றபடி வீட்டு உபயோகத்துக்கு நான் இப்போது யார் கேட்டாலும் சொல்வது இதுதான். 512 ஜி.பி. வரையிலான எஸ்.எஸ்.டி.யைப் பிரிக்கவே வேண்டாம்; கோப்புறைகள் போதும். 1 டி.பி. இருந்து, மனம் கேட்காவிட்டால், சி-க்குக் குறைந்தது 300 ஜி.பி. கொடுத்து ஒரே ஒரு கோடு போடலாம். சிறிய எஸ்.எஸ்.டி.யும் பெரிய ஹார்ட் டிஸ்க்கும் சேர்ந்து இருந்தால், முன்னது முழுவதும் சி, பின்னது முழுவதும் டி. அப்போது டாகுமென்ட்ஸ், பிக்சர்ஸ் கோப்புறைகளின் ப்ராப்பர்டீஸில் லொகேஷன் என்ற பகுதிக்குப் போய் அவற்றை டி-க்கு மாற்றிவிட வேண்டும். இதைச் செய்யாமல் விட்டால் டி என்றென்றைக்கும் காலி மனைதான். 4 டி.பி. போன்ற பெரிய டிஸ்க்கைப் புதிதாகத் தயார்செய்யும்போது பார்ட்டிஷன் விவரங்களைக் குறித்துவைக்கும் முறைக்கு எம்.பி.ஆர்., ஜி.பி.டி. என்று இரண்டு தெரிவுகள் வரும். முதலாவது விண்டோஸுக்கு முந்தைய 1983ஆம் ஆண்டு டாஸ் காலத்தது. சாதாரணமாக அதனால் 2 டி.பி.க்கு மேல் உள்ள இடத்தைப் பயன்படுத்த முடியாது. ஜி.பி.டி.யைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். வெளி டிஸ்க் ஃபாட்-32 முறையில் இருந்தால் 4 ஜி.பி.யைத் தாண்டிய திருமண வீடியோ அதில் ஏறாது. அதை எக்ஸ்ஃபாட் அல்லது என்.டி.எஃப்.எஸ். முறைக்கு மாற்றிக்கொள்ளலாம்.

பெயரோ எழுத்தோ இல்லாமல், சில நூறு எம்.பி. அளவில் இரண்டு மூன்று துண்டுகள் டிஸ்க் மேனேஜ்மென்டில் தெரியும். இடத்தை அடைக்கிறதே என்று அவற்றை அழித்துவிடுபவர்கள் உண்டு. ஒன்று கணினி எழுவதற்கானது, மற்றொன்று மீட்புக்கானது, இரண்டையும் தொடக்கூடாது. 2024 ஜனவரியில் வந்த ஒரு விண்டோஸ் அப்டேட், மீட்புப் பார்ட்டிஷனில் 250 எம்.பி. காலியிடம் இல்லாத கணினிகளில் ஏற மறுத்துப் பலரைத் திணறடித்தது நினைவிருக்கலாம்.

கணினி அசெம்பிள் செய்து விற்கும் கடைக்காரர்களுக்குத் தங்கள் நாளிதழ் வழியாக ஒரு வேண்டுகோள். விண்டோஸ் நிறுவுவதற்கு முன்பு, டிஸ்க்கைப் பிரிக்க வேண்டுமா, எப்படி என்று வாங்குபவரிடம் கேளுங்கள். பிரித்தால் அந்த அளவுகளையும், கணக்கு எந்த மின்னஞ்சலில் திறக்கப்பட்டது என்பதையும் பில்லின் பின்புறத்தில் எழுதிக் கொடுங்கள். ராம் எத்தனை, வாரண்டி எத்தனை ஆண்டு என்று எழுதும் இடத்தில் இன்னும் இரண்டு வரிகளுக்கு இடம் இருக்கிறது. ஒரே டிஸ்க்கில் உள்ள எந்தத் துண்டுக்கும் பேக்கப் என்று பெயர் வைக்காதீர்கள். தங்கள் கணினிப் பகுதியை எழுதுபவரும் அந்த யோசனையைத் திருத்தி வெளியிட்டால் நல்லது.

என் வீட்டில் பேக்கப் இப்போது ஒரு 1 டி.பி. வெளி டிஸ்க். மாதத்தின் முதல் ஞாயிறன்று நகலெடுத்து முடித்ததும், அதை மாடியில் குடியிருக்கும் தங்கையின் பீரோவில் கொண்டுபோய் வைத்துவிடுகிறேன். எதிர்வீட்டுக்காரரின் சி.பி.யு. பெட்டி தரையிலிருந்து மேசைமேல் ஏறியிருக்கிறது. அவரது வெளி டிஸ்க்கும் அதே பீரோவில், வேறொரு தட்டில் இருக்கிறது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வணிகவியல் ஆசிரியை,
மடிப்பாக்கம், சென்னை.