பூண்டுக்கொடி கேட்டோம், பூனைநகக் கொடி வந்திருக்கிறது

அனுப்புநர்
தோட்டக் குழு,
அடுக்குமாடிக் குடியிருப்போர் சங்கம்,
வேளச்சேரி, சென்னை.

பெறுநர்
மேலாளர்,
நர்சரி மற்றும் தோட்ட அமைப்புப் பிரிவு.

பொருள்: 60 அடி கம்பிவலை வேலிக்கு நட்டுத் தந்த பூக்கொடிகள் – தவறான கன்று, தவறான நடவு – மாற்றித் தரக் கோருதல்.

ஐயா,

வணக்கம். ஏப்ரல் கடைசி வாரத்தில் உங்கள் வேலிக்கொடித் தொகுப்புக்கு, நடவுக்கூலி சேர்த்து 14,800 ரூபாய் கட்டினோம். பில்லில் பூண்டுக்கொடி 8, விஸ்டீரியா 4, காகிதப்பூ 5, சங்குப்பூ 3 என்று இருக்கிறது. சங்குப்பூவில் எங்களுக்குக் குறையில்லை. (விதையை ராத்திரி ஊறவைத்து ஊன்றினால் இரண்டு மாதத்தில் பூத்துவிடும் கொடியைக் கன்றாக விற்றது உங்கள் சாமர்த்தியம்.) மற்ற மூன்றைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

முதலில் பூண்டுக்கொடி. அதன் இலையைக் கசக்கினால் உரித்த பூண்டு வாசம் வர வேண்டும். நீங்கள் தந்த எட்டில் ஒன்றிலும் வரவில்லை. கொடியின் பற்றுக்கம்பி நுனியைப் பார்த்தோம்: மூன்றாகப் பிரிந்து, ஒவ்வொரு முனையும் நகம்போல் வளைந்திருக்கிறது. இது பூனைநகக் கொடி. இரண்டும் ஒரே குடும்பம். இரண்டிலும் ஒரு காம்புக்கு இரண்டு சிற்றிலை. கன்றில் மாறிப்போக வாய்ப்புண்டு என்பது தெரியும். ஆனால் விற்கிற இடத்தில் ஒரு இலையைக் கசக்கிப் பார்க்க எவ்வளவு நேரம் ஆகும்?

ஊதாப் பூவுக்குப் பதில் மஞ்சள் பூ வருகிறதே என்பதல்ல எங்கள் கவலை. பூனைநகக் கொடி கம்பிவலையோடு நிற்காது. பக்கத்துச் சுவர்ப் பூச்சில் நகத்தை மாட்டிக்கொண்டு மாடிவரை ஏறும். மண்ணுக்கடியில் கிழங்கு வைக்கும். மேலே வெட்ட வெட்டக் கிழங்கிலிருந்து மறுபடி கிளம்பும். ஆஸ்திரேலியாவில் தேசிய அளவில் கட்டுப்படுத்த வேண்டிய களைகளில் இதையும் சேர்த்திருக்கிறார்கள். இப்போதே எடுத்தால் கடப்பாரையோடு போகும். இரண்டு மழைக்காலம் விட்டால் கிழங்கு எங்கெல்லாம் ஓடியிருக்கிறது என்று தேடவே முடியாது.

அடுத்து விஸ்டீரியா, சரம் சரமாக நீலப் பூ தொங்கும் கொடி. அது மொட்டு வைக்கக் குளிர்காலத்தில் நல்ல குளிர் வேண்டும். சென்னையில் மார்கழி, தை இரவுகளிலேயே 20 டிகிரியை ஒட்டித்தான் இருக்கும். இலை விடும், கொடி ஓடும், பூக்காது. போதாக்குறைக்கு விதையும் காயும் நஞ்சு. வைத்திருப்பதோ குழந்தைகள் வந்து போகும் பக்கம். நீலச் சரமாகத் தொங்க வேண்டும் என்றால் நம் வெயிலுக்கு ஏற்றது பெட்ரியா. இலையைத் தடவினால் உப்புத்தாள் போலச் சொரசொரக்கும். நடுவிலுள்ள கருநீலப் பூ உதிர்ந்த பிறகும் வெளிறிய நீல இதழ்கள் பல நாள் நிற்கும்.

காகிதப்பூ நல்ல செடிதான், இடம்தான் தப்பு. முள் உள்ள ஐந்தையும் ஊஞ்சல் பக்கம் நட்டுவிட்டு, ஆள் ஏறிக் குதிக்கக்கூடிய தெருப்பக்கத்தில் சங்குப்பூவை விட்டிருக்கிறீர்கள். கேட்டதற்கு உங்கள் ஆள் ஊஞ்சல் பக்கம் ரங்கூன் மல்லி வைக்கலாம் என்றார். அதிலும் பழைய இலைக்காம்பின் அடி உதிராமல் காய்ந்து முள்ளாகிவிடும். வளர்ந்தபின் மழையில் நனைந்த பாரத்தை எங்கள் ஒன்றரை அங்குலக் குழாய்க் கம்பங்கள் தாங்காது. அங்கே முல்லை போதும்.

நடவைப் பார்க்க இரண்டு கன்றைத் தோண்டினோம். குழி ஒரு சாண் ஆழம். அடியில் சிமென்ட் கட்டியும் டைல்ஸ் துண்டும். கறுப்புப் பையின் அடியை மட்டும் கிழித்துவிட்டு மேல்பாதியை அப்படியே புதைத்திருக்கிறார்கள். பைக்குள் வேர் சுருள் சுருளாகச் சுற்றியிருக்கிறது. இளம் இலைகள் நரம்பு மட்டும் பச்சையாக, மற்ற இடம் மஞ்சளாக வெளுத்திருப்பதற்கு இதுதான் காரணம்: சிமென்டின் சுண்ணாம்பால் மண் காரமாகி, செடியால் இரும்புச்சத்தை எடுக்க முடியவில்லை. இதற்கு நீங்கள் தந்த அட்டையில் உள்ள மருந்து வாரம் ஒரு கைப்பிடி யூரியா! அதே அட்டை எல்லாக் கொடிக்கும் தினம் இரண்டு வேளை தண்ணீர் ஊற்றச் சொல்கிறது. காகிதப்பூ கொஞ்சம் காய்ந்தால்தான் பூக்கும். யூரியாவும் தண்ணீரும் கொட்டினால் இலைதான் வரும். சங்குப்பூ அவரை இனம், யூரியா தரும் தழைச்சத்தை வேர் முடிச்சிலேயே சேர்த்துக்கொள்ளும். போதாததற்குக் கட்டுக்கம்பியால் இறுக்கிக் கட்டியதில் மூன்று தண்டுகளில் பட்டை வெட்டுப்பட்டிருக்கிறது. கயிற்றில் எட்டு வடிவில் தளர்வாகக் கட்டியிருக்க வேண்டும். அக்னி நட்சத்திரத்துக்கு ஒரு வாரம் முன்பு நட்டதை என்ன சொல்ல.

நாங்கள் கேட்பது இவை. பூனைநகக் கொடி எட்டையும் கிழங்கோடு எடுத்துப் போக வேண்டும். அந்த 24 அடிக்கு உண்மையான பூண்டுக்கொடி ஐந்து போதும். மூன்றடிக்கு ஒன்று என்பது நெருக்கம். விஸ்டீரியாவுக்குப் பதில் பெட்ரியா இரண்டு. காகிதப்பூவை வேர்மண் உடையாமல் தெருப்பக்கம் மாற்றி, ஊஞ்சல் பக்கம் முல்லை மூன்று. குறையும் கன்றுகளின் விலையைத் திருப்பித் தர வேண்டும். குழி ஒன்றரை அடி நீளம், அகலம், ஆழம்; கட்டடக் கழிவை அள்ளிவிட்டு செம்மண், மணல், மக்கிய தொழுவுரம் சம அளவு. எங்கள் மண் களிமண், மழையில் தண்ணீர் நிற்கும். ஆகவே அரையடி மேடாக்கி, வேலியிலிருந்து ஒரு அடி தள்ளி நட வேண்டும்.

எல்லாம் புரட்டாசிக்குள் முடிய வேண்டும். வடகிழக்குப் பருவமழை இறங்கிவிட்டால் இந்த மண்ணில் குழி வெட்ட முடியாது. 15 நாளில் எழுத்துமூலம் பதில் வராவிட்டால், நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019-இன்படி மாவட்ட ஆணையத்தில் புகார் தருவோம். பில், அட்டை, தோண்டிய குழியின் படங்கள் இத்துடன் உள்ளன.

புதுக் கன்றோடு வண்டி வரும்போது, இறக்கும் முன் ஒவ்வொன்றிலும் ஒரு இலையைக் கசக்கிப் பார்த்துத்தான் கையெழுத்துப் போடுவோம்.

இப்படிக்கு,
தோட்டக் குழு