முக்கால் அங்குல சிலிண்டர்

பர்மிங்காம்,
ஜனவரி 18, ஞாயிறு இரவு

அன்புள்ள அப்பாவுக்கு,

நலம். நீங்களும் அம்மாவும் நலமா? உங்கள் கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது. மூன்று மாதமாக நான் எழுதவில்லை, போனிலும் சரியாகப் பேசவில்லை. அதைப் பற்றி நீங்கள் ஒரு வரிகூட எழுதவில்லை. திட்டியிருந்தால் மனசு கொஞ்சம் லேசாகியிருக்கும். ஞாயிறு மதியம் இப்போது எனக்கு ஒரு வேலை இருக்கிறது, அதனால்தான் அம்மா கூப்பிடும் நேரத்துக்கு எடுக்க முடிவதில்லை. பெரிய விஷயமில்லை, அதை அப்புறம் சொல்கிறேன்.

நான் பொம்மை எஞ்சின் வாங்கிக் குவிப்பதாகச் செல்வி உங்களிடம் சொன்னாளாம். குவிக்கவில்லை அப்பா. ஒன்றரை வருஷத்தில் மொத்தமே ஐந்து வாங்கினேன். இப்போது நாலு இருக்கிறது. பொம்மை என்று சொன்னாலும் இவை நிஜமாகவே நீராவியில் ஓடுபவை. பித்தளை பாய்லரில் தண்ணீர் ஊற்றி, அடியில் ஸ்பிரிட் விளக்கை ஏற்றினால் ஏழெட்டு நிமிஷத்தில் நீராவி கட்டிவிடும். முதலில் வாங்கியது மாமாட், இந்த ஊர்ச் சரக்கு. 1937-இல் ஜெஃப்ரி மாலின்ஸ் என்பவர் தொடங்கிய கம்பெனி. இங்கே எழுபது வயதுக்காரர்களைக் கேட்டால் பாதிப் பேர் சின்ன வயதில் கிறிஸ்துமஸுக்கு ஒன்று வாங்கியிருப்பார்கள். அதெல்லாம் பரணிலும் ஷெட்டிலும் கிடந்துவிட்டு, இப்போது ஒவ்வொன்றாக இணைய ஏலத்துக்கு வருகிறது.

ஏலம் என்றால் நம் பொன்மலைச் சந்தை மாதிரிதான், கூச்சல் மட்டும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை சாக்கை விரித்துப் பழைய இரும்பு விற்பவர்களிடம் நீங்கள் குத்த வைத்து உட்கார்ந்து, வேண்டிய ஸ்பேனரைத் தொடாமல் பக்கத்தில் இருப்பதையெல்லாம் எடுத்துப் பார்ப்பீர்களே, அதே வித்தை இங்கேயும் செல்லும். ஒரு வாரம் முன்னாடியே விலை கேட்டு ஆசையைக் காட்டினால் மற்றவனும் ஏற்றுவான். அதிகபட்சம் இவ்வளவுதான் என்று ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு, கடைசி ஏழெட்டு வினாடியில் ஒரே தடவை அந்தத் தொகையைப் போட வேண்டும். அடுத்தவர் கேட்டதற்கு ஒரு படி மேலே எவ்வளவோ அவ்வளவுதான் எடுத்துக்கொள்வார்கள், மீதி நம்முடையது. தாளில் எழுதியதைத் தாண்டி நான் ஒரு தடவையும் போனதில்லை. ஜெர்மனியில் நூரெம்பர்க்கில் பிங் கம்பெனி செய்த தகர எஞ்சின் ஒன்று போன வருஷம் வந்தது, ஜி.பி.என். என்று முத்திரை போட்டது. அதை மூன்று வாரம் படத்திலேயே பார்த்துக்கொண்டிருந்தேன். என் தாளில் இருந்ததைப் போல நாலு மடங்குக்குப் போய்விட்டது. சரி, போகட்டும்.

படத்தில் என்ன பார்க்க வேண்டும் என்பது இப்போது பழகிவிட்டது. பளபளவென்று பாலிஷ் போட்டிருந்தால் நான் கிட்டேயே போவதில்லை. பாய்லரின் அடிப்பக்கத்தையும் இரண்டு முனைகளையும் படம் எடுத்து அனுப்பச் சொல்வேன். தண்ணீர் இல்லாமல் எரித்திருந்தால் பித்தளை பழுப்பும் ஊதாவுமாக நிறம் மாறியிருக்கும், முனைத்தட்டு ஓரத்தில் ஈயப்பற்று உருகி வழிந்து உறைந்திருக்கும். தண்ணீர் உள்ளே இருக்கும்வரை அந்தச் சூடு ஈயத்துக்கு ஏறாது, வற்றினால் உடனே இளகிவிடும். ரயில் எஞ்சினில் நெருப்பு எரியும் ஃபயர்பாக்ஸ் உச்சியில் இருக்கும் ஈய பிளக்கைப் பற்றி, அது உருகிவிட்டால் டிரைவருக்கு மெமோதான் என்று நீங்கள் சொன்னதெல்லாம் இங்கே உட்கார்ந்து நினைத்துக்கொள்கிறேன். இவ்வளவு தெரிந்தும் ஒருவரிடம் ஏமாந்தேன். கடைசியாக ஓட்டியபோது நன்றாக ஓடியது என்று எழுதியிருந்தார். வந்து சேர்ந்ததைப் பார்த்தால் ஒரே ஒரு செய்தித்தாளைச் சுற்றி அனுப்பியிருந்தார், புகைபோக்கி மடங்கி, பாய்லர் முனை கையோடு வந்தது. அன்றைக்கு ரொம்ப வருத்தமாக இருந்தது. இப்போது அதிலிருந்து உதிரிப் பாகம் எடுத்துக்கொள்கிறேன்.

அந்த மாமாட் 22 பவுண்டுக்கு வந்தது. பிஸ்டன் இறுகிப்போய்விட்டது, ஓடாது என்றே போட்டிருந்தார்கள், அதனால்தான் அந்த விலை. இதில் வால்வு தனியாகக் கிடையாது அப்பா. சிலிண்டரே தொட்டில் மாதிரி ஆடும். ஒரு பக்கம் சாயும்போது துவாரம் நேர் வந்து நீராவி உள்ளே போகும், மறுபக்கம் சாயும்போது வெளியே வரும். அவ்வளவு எளிது, அவ்வளவு அழகு. அதற்கு மண்ணெண்ணெய் விட்டுவிட்டு மூன்று நாள் தொடவில்லை, சுத்தியலையும் எடுக்கவில்லை. நீங்கள் சொன்னதுதான், இறுகினதோடு சண்டை போடாதே, ஊற விடு. மூன்றாம் நாள் ராத்திரி ஃப்ளைவீலை இரண்டு விரலால் பிடித்து அசைத்தேன், ஒரு நூல் நகர்ந்தது. மறுபடி ஒரு நூல். ஓரத்திலிருந்து கறுப்பும் பச்சையுமாகப் பழைய எண்ணெய் கசிந்து வந்தது. அப்புறம் ஒரு முழுச் சுற்று.

கீழ்வீட்டுப் பெரியவரைப் பற்றி அம்மாவிடம் சொல்லியிருக்கிறேனே, பனி கொட்டும்போதும் சட்டையைத் துவைத்து வெளியில் கொடியில் போடுவார், அது விறைத்து அட்டை மாதிரி நிற்கும், அதைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு உள்ளே போவார். அவர்தான் அன்றைக்குக் கதவைத் தட்டினார். ஸ்பிரிட் வாசனை கீழே வரை வந்து, தீப்பிடித்ததோ என்று பயந்திருக்கிறார். எஞ்சினைப் பார்த்ததும் பேசாமல் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். லாங்பிரிட்ஜ் கார் தொழிற்சாலையில் 2005-இல் மூடும்வரை வேலை பார்த்தவர். இப்போது வாரத்துக்கு ஒரு தடவையாவது வருகிறார். இந்த ஊர்த் தண்ணீர் வேல்ஸ் மலையிலிருந்து 118 கிலோமீட்டர் பம்பே இல்லாமல் சரிவிலேயே ஓடி வருகிறதாம், உப்பு ரொம்பக் குறைவு, பாய்லருக்குக் குழாய்த் தண்ணீரே போதும் என்றார். நம் ஊர்த் தண்ணீரில் பாய்லர் குழாய்க்குள் படியும் காறையைத் தட்டித் தட்டியே உங்கள் கை காய்த்ததை அவருக்குச் சொன்னேன். 2011-இல் பொன்மலை ரயில்வே பட்டறையில் ஊட்டி ரயிலுக்குப் புதிதாக நீராவி எஞ்சின் செய்தபோது நீங்களும் அதில் வேலை பார்த்தீர்கள் என்றதற்கு நம்பவே இல்லை, அந்த வருஷத்திலா, புதிதாகவா என்று மூன்று தடவை கேட்டார். நீங்கள் அதன் பக்கத்தில் நிற்கும் போட்டோவை இன்னொரு பிரதி அனுப்புங்கள், அவருக்குக் காட்ட வேண்டும்.

உங்களுக்கு ரொம்பப் பிடித்திருக்கக்கூடியது ஸ்டூவர்ட் எஞ்சின். அந்தக் கம்பெனி வெறும் வார்ப்பாகவும் விற்கும், அப்படி வாங்கினால் லேத் வேலை முழுக்க வாங்கியவர் வீட்டில் செய்துகொள்ள வேண்டும். நான் வாங்கியது நிற்கிற மாடல். சிலிண்டர் முக்கால் அங்குலம், ஸ்ட்ரோக்கும் முக்கால் அங்குலம், ஃப்ளைவீல் 3 அங்குலம். உள்ளங்கையில் நிற்கும். யாரோ ஒருவர் எத்தனையோ ராத்திரி உட்கார்ந்து கடைந்திருக்கிறார். அடித்தட்டைத் திருப்பினால் ஒரு மூலையில் சின்னதாக இரண்டு எழுத்து, எழுத்துப் பதிக்கும் பஞ்ச் வைத்துத் தட்டியது, ஒன்று கொஞ்சம் சாய்ந்திருந்தது. செய்தவர் இறந்த பிறகு வீட்டைக் காலி செய்தவர்கள் ஏலத்தில் போட்டிருக்கிறார்கள். அவர் பெயர் என்ன என்று விற்றவர்களைக் கேட்டேன், அவர்களுக்கும் தெரியவில்லை. அதை டிசம்பரில் விற்றுவிட்டேன். அறையில் இடமில்லை, ஜன்னல் ஓரம் ஈரத்தில் துரு ஏறிவிடும். நல்ல விலைக்குத்தான் போயிற்று.

குளிர் பரவாயில்லை. ஹீட்டரைச் சாயங்காலம் ஒரு மணி நேரம் போட்டால் போதும், எனக்குப் பழகிவிட்டது. சாப்பாட்டைப் பற்றி அம்மா கவலைப்பட வேண்டாம், ரசம் வைத்துக்கொள்கிறேன், அவள் அனுப்பிய பொடி இன்னும் பாதி இருக்கிறது.

ஒன்று சொல்ல வேண்டும். மாமாட் முதல்முறை ஓடியபோது, சூடான எண்ணெயும் நீராவியும் சேர்ந்து ஒரு வாசனை வந்தது. உங்கள் காக்கிச் சட்டையை அம்மா மற்ற துணியோடு சேர்க்காமல் சோடா போட்டு ஊற வைப்பாளே, கொல்லையில் அந்தத் தனி வாளி, அதே வாசனை. விளக்கில் ஸ்பிரிட் தீரும்வரை பக்கத்திலேயே நின்றேன். அணைந்த பிறகு இன்னொரு தடவை ஊற்றி ஏற்றினேன். ராத்திரி பன்னிரண்டு மணி இருக்கும், அங்கே விடியப்போகிற நேரம், கொஞ்ச நேரத்தில் பொன்மலைச் சங்கு ஊதியிருக்கும். வீட்டுக்கு வர வேண்டும் அப்பா. இந்த வருஷம் டிக்கெட் பார்க்கிறேன்.

லால்குடி நில விஷயத்துக்கு வருகிறேன். பெரியப்பா கையெழுத்துப் போடச் சம்மதித்தது பெரிய விஷயம், அவர் மனசு மாறுவதற்குள் முடித்துவிடுங்கள். என் பங்குக்குப் பவர் பத்திரம் உங்கள் பெயரில் எழுதி, இங்கே இந்தியத் துணைத் தூதரகத்தில் சான்று வாங்கி அனுப்புகிறேன். அங்கே வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைக் கட்டணம் கட்ட வேண்டும், மறந்துவிடாதீர்கள். கிணற்றுப் பக்கம் எந்த வேலியும் போட வேண்டாம், வழி இருவருக்கும் பொது என்று பத்திரத்திலேயே எழுதச் சொல்லுங்கள். செல்வி வளைகாப்புக்கு டிசம்பர் கடைசியில் அனுப்பிய பணம் கணக்கில் ஏறிவிட்டதா? வளையலை மாப்பிள்ளை வீட்டார் சொன்ன கடையில் வாங்காமல் நம் வழக்கமான கடையிலேயே வாங்குங்கள். அம்மா முழங்காலுக்கு டாக்டர் படம் எடுக்கச் சொன்னாரே, எடுத்தீர்களா?

இன்னொரு வேலை உங்களுக்கு. மாமாட்டின் சேஃப்டி வால்வு மரை தேய்ந்து கசிகிறது, இதில் மெட்ரிக் ஏறாது. உங்கள் பச்சைப் பெட்டியில் இருக்கும் மரை வெட்டும் பழைய அங்குல டேப், டை எல்லாவற்றின் அளவையும் ஒரு தாளில் எழுதி அனுப்புங்கள். பழைய வால்வை அட்டையில் வைத்துக் கட்டி இந்தக் கடிதத்தோடு அனுப்புகிறேன். உங்களால் பித்தளையில் ஒன்று கடைந்துதர முடிந்தால் கடைசித் திருப்பம் மட்டும் கொஞ்சம் இறுக்கமாக இருக்கட்டும்.

அன்புடன்,
உங்கள் மகன்
முருகன்