குளிர் குறைந்து வந்த ஆர்என்ஏஸ் தடுப்பியை மாற்றித் தரக் கோருதல்

முகாமையாளர்,
விற்பனைப் பிரிவு.

ஐயா,

நெல் நாற்றின் இளம் இலையிலிருந்து கருக்களைப் பிரித்து ஒற்றைக்கரு ஆர்என்ஏ ஆய்வு (ஒவ்வொரு கருவிலுமுள்ள ஆர்என்ஏவைத் தனித்தனியே வாசிப்பது) செய்வதற்காகத் தங்களிடம் ஆர்என்ஏஸ் தடுப்பியும் (ஆர்என்ஏவைச் சிதைக்கும் ஆர்என்ஏஸ் நொதியைத் தடுப்பது) 40 மைக்ரோமீற்றர் துளையுள்ள வடிகட்டிகளும் வாங்கினோம். தடுப்பி வந்த ரெஜிபோம் பெட்டியில் உலர்பனி ஒரு துண்டுகூட இல்லை. ஜெல் பைகள் பிசைந்தால் குழையும் அளவுக்கு இளகிக் கிடந்தன. இதைப் பற்றுச்சீட்டின் பின்புறத்தில் எழுதித் தங்கள் விநியோகஸ்தரிடம் ஒப்பமும் வாங்கியுள்ளோம்.

குப்பியில் திரவமாக இருப்பது வழமை, ஆகவே பழுதில்லை என்று பதில் எழுதியிருந்தீர்கள். வழமைதான். பாதி கிளிசரோல் என்பதால் அது மறை 20 பாகையிலும் உறையாது. அதனாலேயே, கொழும்பு வெயிலில் சூடு கண்டதா இல்லையா என்று குப்பியைப் பார்த்து யாராலும் சொல்ல முடியாது. வழியில் வெப்பநிலையைப் பதிவுசெய்யும் பதிகருவியின் அளவீட்டைக் கேட்டது அதற்காகத்தான். அது இன்னும் வரவில்லை.

ஆகவே நாமே சோதித்தோம். 1 மைக்ரோகிராம் இலை ஆர்என்ஏ, 5 நானோகிராம் ஆர்என்ஏஸ் ஏ, 1 மில்லிமோலர் டிடிடி (தடுப்பி செயற்பட உதவும் சேர்மம்), 40 அலகு தடுப்பி. 37 பாகையில் 15 நிமிடம். பிறகு ஆர்என்ஏவை அளவுவாரியாகப் பிரித்துக் காட்டும் அகரோஸ் ஜெல். எங்களிடமிருந்த பழைய குப்பியில் சிதையாத ஆர்என்ஏவைக் காட்டும் 25எஸ், 18எஸ் ரைபோசோம் ஆர்என்ஏ பட்டைகள் கூர்மையாக நின்றன. தங்கள் குப்பியில் இரண்டும் இல்லை. தடுப்பியே சேர்க்காத குழியைப் போல, அடிவரை வெறும் புகை. ஜெல் படம் இணைப்பில்.

எங்கள் முறையில்தான் பிழை என்று அடுத்த மின்னஞ்சலில் சொன்னீர்கள். இலையை ஐஸ் மேல் வைத்து, புதிய சவர அலகால் தாங்கற்கரைசலில் பொடியாக அரிகிறோம்: டிரிஸ் 10, மக்னீசியம் குளோரைட்டு 5, சுக்குரோசு 250 மில்லிமோலர், பிஎச் 7.5, டிரைட்டன் எக்ஸ்-100 0.1 சதவீதம். வடித்து, 4 பாகையில் 500 ஜி விசையில் 5 நிமிடம் சுழற்றுகிறோம். டிஎன்ஏவில் ஒட்டி ஒளிரும் டாபி சாயத்தில் கருக்கள் உருண்டையாக, ஓரம் கிழியாமல் தெரிகின்றன. முறை பிழையென்றால் முதலில் உடைவது அவைதான். அரியும்போது வெளிப்படும் ஆர்என்ஏஸைப் பிடித்து நிறுத்தத்தான் தடுப்பி. அது செத்திருந்தால் கரு முழுசாக இருந்தும் உள்ளே வாசிக்க ஒன்றும் மிஞ்சாது.

வடிகட்டிகளிலும் குளறுபடி. உறையில் 40 என்று அச்சு, உள்ளே இருப்பதோ வெள்ளை வளையமுள்ள 70. கருக்கள் இரண்டிலும் இறங்கும். 70இல் கலச்சுவர்த் துணுக்குகளும் கூடவே இறங்கி, கருக்களைத் தனித்தனியாகப் பிரிக்கும் சிப்பின் நுண்வாய்க்காலை அடைத்துவிடும்.

வேறு தொகுதி எண்ணுள்ள தடுப்பியை, உலர்பனியில், பதிகருவியுடன் அனுப்புங்கள். கட்டுநாயக்க விமான நிலையத்தில் வார இறுதியில் தேங்காதபடி திங்கள் அல்லது செவ்வாய் விடுவிக்க ஒழுங்கு செய்யுங்கள். வடிகட்டிகளையும் மாற்றித் தாருங்கள். 14 நாட்களுக்குள் இயலாதெனில் முழுத்தொகையையும் காசோலையாகத் திருப்பித் தரவும். தாங்கள் அனுப்பிய குப்பிகள் மறை 20 பாகையில் உள்ளன. உங்கள் தொழில்நுட்பவியலாளர் வந்து எங்கள் முன்னிலையில் இதே சோதனையைச் செய்து பார்க்கலாம்.

இப்படிக்கு,
ஆய்வுகூடப் பொறுப்பாளர்,
கொழும்பு