ஏற்காடு கிளை: செயலாளர் ஆண்டறிக்கை

அவைத்தலைவர் அவர்களே, தோழர்களே, வணக்கம்.

வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். செயற்குழு தவறாமல் கூடியது. இந்த ஆண்டு நம் உழைப்பில் பெரும்பங்கு, மாறுதலில் மலைக்கு வந்த மத்திய அரசு ஊழியர்களுக்குப் பயணப்படி, வாடகைப்படி போன்ற படிகளைப் பெற்றுத் தருவதற்கே போனது.

திருச்சியிலிருந்து நிர்வாக மாறுதலில் வந்த எழுத்தர் ஒருவரின் சாமான்கள் அடிவாரம் வரை பெரிய லாரியில் வந்தன. 20 கொண்டை ஊசி வளைவுகளிலும் அந்த வண்டியை ஏற்ற டிரைவர் சம்மதிக்கவில்லை. பீரோவையும் கட்டிலையும் எழுத்தர் டெம்போவில் மாற்றிக் கொண்டுவந்தார். அந்தச் செலவுக்கு அவர் கொடுத்த பில், இரண்டு ரசீது இருக்கிறது என்று திரும்பியது. மலைப்பாதை விவரத்தை எழுதி இணைத்து மீண்டும் கொடுக்கச் செய்தோம்; பணம் கிடைத்தது.

பயணம் முடிந்த 60 நாளுக்குள் பயணப்படி பில் போய்ச் சேர வேண்டும். முன்பு ஓராண்டு அவகாசம் இருந்ததால் பலர் இன்னமும் அசட்டையாக இருக்கிறார்கள். பிள்ளைகளின் பரீட்சைக்காகக் குடும்பத்தைப் பிறகு, ஆறு மாதத்துக்குள் அழைத்து வந்தால், அந்தப் பயணத்துக்குக் கெடு தனியாகக் கணக்கிடப்படும். சொந்த விருப்பத்தில் மாறுதல் கேட்டவருக்கு இவை எதுவும் கிடையாது. விண்ணப்பத்தில் கையெழுத்திடும் முன்பே யோசியுங்கள்.

நம் பெரிய குறை வீட்டு வாடகைப்படி. இந்தப் படிக்காக ஊர்களைப் பிரித்ததில் சேலம் ‘ஒய்’ பிரிவு நகரம், அடிப்படை ஊதியத்தில் 20 சதவீதம். ஏற்காட்டுக்கு 10 சதவீதம்தான். 25,500 ரூபாய் அடிப்படை ஊதியம் வாங்குபவர் கீழே பெற்ற 5,100 ரூபாய், மேலே வந்ததும் 2,550 ஆகிறது. மாறுதல் மானியமாக அடிப்படை ஊதியத்தில் 80 சதவீதம், அதாவது 20,400 ரூபாய் ஒருமுறை வருகிறது. எட்டே மாதத்தில் இந்த இழப்பு அதை விழுங்கிவிடும். இங்கோ சுற்றுலாப் பயணிகளுக்கு நாள் வாடகைக்கு விடவே வீட்டுக்காரர்கள் விரும்புகிறார்கள். சீசனில் குடும்பத்துக்கு வீடு கிடைப்பதே அரிது. மத்திய அரசு ஊழியர்களுக்கு இருந்த மலைப்படியும் ஏழாவது ஊதியக் குழுவோடு போய்விட்டது. பக்கத்து அலுவலகத்து மாநில அரசு நண்பர்கள் அதை இன்றும் பெறுகிறார்கள். குளிரும் விலைவாசியும் இருவருக்கும் ஒன்றுதானே?

எட்டாவது ஊதியக் குழு 2025 நவம்பரில் அமைக்கப்பட்டுவிட்டது. மலைப்படியை மீண்டும் வழங்கவும், மலை ஊர்களுக்கு வாடகைப்படியை உயர்த்தவும் கோரும் மனுவைச் செயற்குழு தயாரித்துள்ளது. உங்கள் வாடகை ரசீது நகல்களை இந்த மாத இறுதிக்குள் என்னிடம் தாருங்கள். மனுவோடு இணைக்க வேண்டும். தீர்மானத்தை இப்போது அவையின் முன் வைக்கிறேன்.

இவண்,
செயலாளர்