முட்டி வலியோடு ஒரு கடிதம்

அன்புள்ள சரசு,

நலம், நலமறிய ஆவல். தீபாவளிக்கு நீ போட்ட கடிதத்துக்கு இப்போதுதான் பதில். திட்டாதே, திட்டு வாங்கும் நிலையில் நான் இல்லை. வலது முட்டியில் கட்டு. காலை ஸ்டூலில் நீட்டிக்கொண்டு எழுதுகிறேன். குளியலறையில் வழுக்கி விழவில்லை. ட்விஸ்ட் ஆடினேன்.

சிரித்து முடித்தாயா? மேலே படி.

வாரம் இரண்டு நாள் மகன் என்னை முதியோர் பகல் மையத்தில் விட்டுவிட்டு வேலைக்குப் போவான். பேரனை பால்வாடியில் விடுகிற மாதிரிதான், தயிர்சாத டப்பா சகிதம். போன புதன்கிழமை அங்கே பெரிய திரையில் பழைய டிவி நிகழ்ச்சி போட்டார்கள், அமெரிக்கன் பேண்ட்ஸ்டாண்ட். இந்த ஃபிலடெல்ஃபியாவில், தலைக்கு மேல் ரயில் ஓடும் மார்க்கெட் தெருவும் 46ஆம் தெருவும் சேரும் இடத்தில்தான் அதன் ஸ்டுடியோ இருந்தது. 1957 ஆகஸ்டிலிருந்து நாடு முழுக்க ஒளிபரப்பு. ரிக்கார்டு சுழலும், பள்ளிக்கூடப் பிள்ளைகள் ஆடுவார்கள், டிக் கிளார்க் என்ற மனிதர் தலைமுடி கலையாமல் மைக்கோடு நிற்பார். அவ்வளவுதான். அதற்காக ஊர் ஊராகப் பிள்ளைகள் புத்தகப் பையைக் கடாசிவிட்டு டிவி முன் உட்கார்ந்தார்களாம். நாம் டிவியைக் கண்ணால் பார்க்கவே எத்தனை வருஷமாயிற்று!

நீ ரசிப்பாய் என்பதால் இரண்டு விஷயம். புது ரிக்கார்டு போட்டு ஆடுகிற பிள்ளைகளையே மார்க் போடச் சொல்வார்கள். குறைந்தது 35, அதிகபட்சம் 98. அதாவது யாரும் ஃபெயில் கிடையாது! கணக்கு டீச்சர் இதைக் கேட்டிருந்தால் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். இன்னொன்று, பக்கத்தில் கன்னியாஸ்திரிகள் நடத்தும் ஒரு பெண்கள் பள்ளி. சீருடையோடு டிவியில் ஆடக்கூடாது என்று சிஸ்டர்கள் சொல்லிவிட்டார்கள். பெண்கள் சீருடைக்கு மேலே ஸ்வெட்டரை மாட்டிக்கொண்டு ஓடினார்கள். காலர் மட்டும் வெளியே எட்டிப் பார்த்தது. பார்த்தவர்கள் அதையே நாகரிகம் என்று நினைத்து ஊரெல்லாம் அந்தக் காலர் வைத்துத் தைக்க ஆரம்பித்துவிட்டார்கள். நீ தாவணியில் இங்க் கறையை மறைக்கப் பூ குத்தினாயே, அந்த ஜாதி.

என் மேசையில் இருக்கும் இத்தாலியக்கார அம்மாளுக்கு 80 வயது. படம் ஓட ஓட எழுந்துவிட்டாள். 'இரண்டு காலாலும் சிகரெட்டை நசுக்கு, துண்டால் பின்னால் துவட்டு, அதுதான் ட்விஸ்ட்' என்று என்னையும் இழுத்துவிட்டாள். நசுக்கினேன். முட்டி 'களுக்' என்றது.

இனிமேல்தான் நான் சொல்ல வந்தது.

எல்லோரும் ஆடும்போது ஒருத்தி மட்டும் எழவில்லை. கறுப்பினப் பெண்மணி, மையத்தில் என்னோடு டீ குடிப்பவள். முட்டியில் ஐஸ் பையோடு அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். 'உங்களுக்குப் பிடிக்காதா?' என்றேன். 'எங்கள் வீடு அந்த ஸ்டுடியோவுக்கு நடக்கிற தூரம். ஒரு நாள்கூட உள்ளே போனதில்லை' என்றாள்.

'கறுப்பர்கள் வரக்கூடாது' என்று எங்கும் எழுதி ஒட்டவில்லையாம். முன்கூட்டியே கடிதம் எழுதி டிக்கெட் வாங்க வேண்டும். பெயரையும் முகவரியையும் பார்த்தாலே யாரென்று தெரிந்துவிடும். சில பிள்ளைகள் ஐரிஷ், இத்தாலியப் பெயரில் எழுதிப் போட்டு டிக்கெட் வாங்கியதும் உண்டாம். 57லேயே எல்லோரையும் சேர்த்துவிட்டதாக டிக் கிளார்க் பிற்காலத்தில் சொல்லிவந்தார். பேத்தி நூலகத்திலிருந்து எடுத்துவந்த புத்தகம் அப்படிச் சொல்லவில்லை. 64இல் நிகழ்ச்சி லாஸ் ஏஞ்சலிஸுக்குக் குடிபோகிறவரை பெரும்பாலும் கதவு சாத்தியேதான் இருந்திருக்கிறது.

பக்கத்து வில்மிங்டனில் மிட்ச் தாமஸ் என்பவர் கறுப்பினப் பிள்ளைகளுக்கென்றே ஒரு நிகழ்ச்சி நடத்தியிருக்கிறார். சின்ன வயதில் அவள் பார்த்தது அதைத்தான். அதில் ஸ்ட்ரோல் என்று ஒரு ஆட்டம். சர்க்கரைப் பொட்டலங்களை மேசையில் இரண்டு வரிசையாக அடுக்கி, நடுவில் இரண்டு விரலை மெல்ல இழுத்து இழுத்து நடக்கவிட்டுக் காட்டினாள். இந்த வரிசை பையன்கள், அந்த வரிசை பெண்கள், நடுவே ஒரு ஜோடி. 'இதைப் பார்த்துக் கற்றுக்கொண்டுதான் அவர்கள் அங்கே ஆடினார்கள். நாடே அவர்களுடையது என்று நினைத்தது.' குரல் உயரவில்லை. பொட்டலங்களைத் திரும்ப டப்பாவில் போட்டு மூடினாள்.

பால்டிமோரில் நடந்தது இன்னும் மோசம். பட்டி டீன் என்பவரின் ஆட்ட நிகழ்ச்சியில் கறுப்பினப் பிள்ளைகளுக்கென்று எப்போதாவது தனியாக ஒரு நாள் ஒதுக்குவார்கள், அவ்வளவுதான். 1963 ஆகஸ்டில் இரண்டு நிறத்துப் பிள்ளைகளும் சேர்ந்து உள்ளே புகுந்து நேரடி ஒளிபரப்பிலேயே ஆடிவிட்டார்கள். சேர்த்து ஆடவிடுவதைவிட மூடிவிடுவதே மேல் என்று அடுத்த ஜனவரியில் நிகழ்ச்சியையே நிறுத்திவிட்டார்கள்.

1963 என்றதும் எனக்குத் தூக்கம் போய்விட்டது சரசு. நம் ஆண்டு விழாக் கோலாட்டம் அந்த வருஷம்தானே?

அறுபது வருஷமாக என்னைக் 'காத்தடி கமலி' என்கிறாய். நானும் சிரித்துக்கொண்டுதான் இருக்கிறேன். கடைசி நேரத்தில் எட்டாவது பெண்ணுக்கு அம்மை வார்த்துவிட்டது. எதிரில் ஆளில்லாமல் நான் காற்றில் கோலை அடித்தேன், கொட்டகையே சிரித்தது. ஆனால் அதற்கு முந்தின நிமிஷம் நினைவிருக்கிறதா? டீச்சர் திரைக்குப் பின்னால் வந்து, 'வேறே யாருக்காவது அடவு தெரியுமாடி?' என்று கேட்டார். பாக்கியத்துக்குத் தெரியும். ஒத்திகை டீச்சர் வீட்டுத் திண்ணையில் நடந்தபோது தெருமுனை வேப்பமரத்தடியில் நின்று, இரண்டு விளக்குமாற்றுக் குச்சியை வைத்துக்கொண்டு ஒரு தட்டு பிசகாமல் போட்டவள் அவள். 'சொந்தப் பட்டுப்பாவாடை இருப்பவர்கள் மட்டும்' என்பதுதான் விதி. வேறு எதுவும் யாரும் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை, அந்தத் திண்ணையில் அவளை ஏற்றமாட்டார்கள் என்று நம் இரண்டு பேருக்கும் தெரியும். உன்னிடம் இரண்டு பட்டுப்பாவாடை இருந்தது. நான் உன்னைப் பார்த்தேன், நீ கோலில் சுற்றின ஜரிகையைப் பார்த்துக்கொண்டிருந்தாய். உன்னைக் குற்றம் சொல்லவில்லை, எனக்கும் வாய் இருந்தது.

இந்தக் கதையை டீ குடிக்கிறவளிடம் இன்னும் சொல்லவில்லை. எந்த இடத்தில் தொடங்குவது?

ஒரு காரியம் செய். பாக்கியத்தின் அண்ணன் மகன் தபால் ஆபீசில் இருந்தான் என்று நீதான் ஒருமுறை சொன்னாய். விசாரித்துப் பார். இருக்கிறாளா, எங்கே இருக்கிறாள், கடிதம் போட்டால் வாங்குவாளா. முகவரி கிடைத்தால் போதும், என்ன எழுதுவது என்பதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

அண்ணனுக்கு சர்க்கரை குறைந்ததா? முட்டிக்குத் தைலம் அனுப்புகிறேன் என்று கிளம்பாதே, போன தடவை பார்சல் முழுக்க ஊறி முறுக்கெல்லாம் தைல வாசனை.

அன்புடன்,
கமலி