வீட்டுப் பிளான் வரையும் நண்பனுக்கு

பெங்களூரு

அன்புள்ள நண்பனுக்கு,

நலம். நலமறிய ஆவல். உன் கடிதமும் அதனுடன் அனுப்பியிருந்த படங்களும் கிடைத்தன. பணி ஓய்வுக்குப் பிறகு தில்லியை விட்டு இங்கே வந்துவிடுவதென்று நீயும், எனக்குத் தங்கச்சி முறையான உன் மனைவியும் முடிவெடுத்ததில் எங்கள் வீட்டில் எல்லோருக்கும் மகிழ்ச்சி; அம்மாவையும் அழைத்து வருவதாக எழுதியிருப்பதில் இன்னும் மகிழ்ச்சி. மாலை வேளைகளில் அல்சூர் ஏரிக்கரைத் தமிழ்ச் சங்க நூலகத்துக்குப் போக எனக்குத் துணை கிடைத்தது என்று இப்போதே கணக்குப் போட்டுவிட்டேன்.

படங்களைப் பற்றி எழுதுகிறேன். ஸ்வீட் ஹோம் 3டி மென்பொருளில் அத்தனையும் நீயே வரைந்தது என்பதை நம்ப முடியவில்லை. சோபாவின் நிழல் தரையில் விழுவது வரை தெரிகிறது. தங்கச்சி இதற்குள் அவற்றை உறவினர் அனைவருக்கும் அனுப்பி முடித்திருப்பாள். ஆனால் இதை அப்படியே எஞ்சினியர் கையில் கொடுத்து வேலையைத் தொடங்கச் சொல்லலாமா என்று கேட்டிருக்கிறாய். வேண்டாம் என்றுதான் சொல்வேன். முப்பரிமாணப் படம் பார்ப்பவர் கண்ணுக்கு. பிளான் கொத்தனாரின் டேப்புக்கு. நீ அறைகளில் தொடங்கிச் சைட்டுக்கு, அதாவது மனைக்கு, வந்திருக்கிறாய். சைட்டிலிருந்து தொடங்கி, கதவு, கட்டில், நிழல் எல்லாவற்றையும் கடைசிக்கு ஒதுக்கினால் இதே இலவச மென்பொருள் உனக்கு நன்றாகவே உழைக்கும்.

முதலில் சைட். பத்திரத்தில் 30க்கு 40 அடி என்று இருக்கிறது என்பதற்காக மென்பொருளில் அப்படியே ஒரு செவ்வகம் போட்டுவிடாதே. அடுத்த முறை வரும்போது இருவருமாக டேப்பை எடுத்துக்கொண்டு போய் நான்கு பக்கங்களையும், மறக்காமல் இரண்டு மூலைவிட்டங்களையும் அளந்துவிடுவோம். 30க்கு 40 சைட் மூலைமட்டமாக, அதாவது நான்கு மூலையும் செங்கோணமாக, இருந்தால் மூலைவிட்டம் இரண்டும் சரியாக 50 அடி வரவேண்டும். ஒன்று 50 அடி 6 அங்குலமும் மற்றது 49 அடி 6 அங்குலமுமாக வந்தால் மனை கோணலாக இருக்கிறது. அந்தக் கோணலைத்தான் முதலில் வரைய வேண்டும். பி.டி.ஏ. (பெங்களூரு வளர்ச்சி ஆணையம்) பிரித்த மனைகளில் இந்தத் தொல்லை குறைவு என்றாலும் அளக்காமல் விடுவதற்கு அது காரணமாகாது. மென்பொருளில் சுவர்க் கருவியைத் தொடவே தொடாமல், வெறும் கோடுகளால் சைட்டின் எல்லையைப் போட்டு, அதற்கு உள்ளே செட்பேக் கோட்டை (கட்டடத்தைச் சுற்றி விட வேண்டிய காலி இடத்தின் எல்லையை) போட்டு, இரண்டையும் நகராதபடி பூட்டிவிடு. எந்தப் பக்கம் எவ்வளவு இடம் விட வேண்டும் என்பதை எஞ்சினியரிடம் கேட்டுக்கொண்டு வரைவதுதான் நல்லது. விதிகள் அவ்வப்போது மாறுகின்றன. போதாக்குறைக்கு 2025 செப்டம்பரில் பழைய மாநகராட்சியான பி.பி.எம்.பி. போய் ஐந்து மாநகராட்சிகள் வந்திருக்கின்றன.

அடுத்தது திசை. கிழக்குப் பார்த்த சைட் என்று எழுதியிருக்கிறாய். ஆனால் உன் படத்தில் தெரு, தாளின் அடிப்பக்கத்தில் இருக்கிறது. அப்படி வரைவதில் குற்றமில்லை, பலரும் வாசலைக் கீழே வைத்துத்தான் வரைகிறார்கள். ஆனால் கிழக்கு கீழே என்றால் வடக்கு வலக்கைப் பக்கம் வரும். மென்பொருளோ, நீ மாற்றாதவரை வடக்கை மேலே வைத்துக்கொண்டிருக்கும். வலப்பக்கப் படுக்கையறையில் காலை வெயில் கொட்டுகிறது என்று மகிழ்ந்து எழுதியிருந்தாயே, அது இதனால் வந்த வெயில். நிஜத்தில் அந்த ஜன்னல் வடக்கைப் பார்க்கிறது. காலை வெயில் தெருப்பக்கத்து ஹாலுக்குத்தான். திசைகாட்டியை வலப்புறமாகத் திருப்பி, ஊரைப் பெங்களூரு என்று கொடுத்து, ஜூன் மாதத்துக்கு ஒரு முறையும் டிசம்பருக்கு ஒரு முறையுமாக நிழலைப் பார். நாம் 13 பாகை வடக்கில் இருப்பதால் ஏப்ரல் 24 வாக்கிலும் ஆகஸ்ட் 18 வாக்கிலும் நண்பகல் சூரியன் நேர் தலைக்கு மேல் வரும்; இடைப்பட்ட மாதங்களில் உச்சிச் சூரியன் வடக்கே சற்றுச் சாய்ந்திருக்கும். வடக்கு ஜன்னலுக்குச் சன்ஷேட் எதற்கு என்று யாராவது கேட்டால் இதைக் காட்டு. அக்கினி மூலையில்தான் அடுப்படி என்று தங்கச்சி உறுதியாக இருக்கிறாள் அல்லவா? திசையைத் திருப்பிய பிறகு அது எங்கே போய் நிற்கிறது என்றும் பார்த்துக்கொள்.

இப்போது சுவர். இதில்தான் வீட்டில் வரைகிற பலருக்கும் அரை அடி, முக்கால் அடி என்று காணாமல் போகிறது. உன் மாடியில் பக்கம் பக்கமாக இருக்கும் இரண்டு படுக்கையறைகளை எடுத்துக்கொள்வோம். இருபுறமும் 3 அடி விட்டால் கட்டடத்தின் வெளி அகலம் 24 அடி, அதாவது 288 அங்குலம். நீ வெளிச்சுவர் இரண்டையும் நடுச்சுவரையும் 4 அங்குலமாகப் போட்டிருக்கிறாய்; ஆகவே 12 அங்குலம் போக அறைக்குப் பதினொன்றரை அடி அகலம் என்று படம் சொல்கிறது. இங்கே வெளிச்சுவரை 8 அங்குலச் சாலிட் பிளாக்கில் (கான்கிரீட் கல்லில்) கட்டி, உள்பூச்சு அரை அங்குலம், வெளிப்பூச்சு முக்கால் அங்குலம் என்று வைத்தால் ஒரு சுவரே ஒன்பதேகால் அங்குலம். நடுவில் 4 அங்குல பிளாக்கும் இருபக்கப் பூச்சும் சேர்ந்து 5 அங்குலம். மொத்தம் இருபத்து மூன்றரை அங்குலம் சுவருக்கே போய்விடுகிறது. மிச்சம் அறைக்கு 11 அடிதான்.

அரை அடிதானே என்று நினைக்காதே. அந்த 11 அடி வாக்கில்தான் ஆறரை அடிக் கட்டிலையும், எதிர்ச் சுவரில் 2 அடி ஆழத்துக்கு அலமாரியையும் வைத்திருக்கிறாய். படத்தில் நடுவே 3 அடி நடைவழி இருக்கிறது. நிஜத்தில் இரண்டரை அடிதான் இருக்கும். அலமாரிக் கதவு ஒன்றரை அடி வெளியே திறந்தால் பீரோ முன்னால் நின்று புடவை மடிக்க ஆளுக்கு இடமில்லை. தள்ளுகதவு போடலாம், கட்டிலைத் திருப்பலாம். ஆனால் அதை இப்போதே தெரிந்துகொண்டு செய்ய வேண்டும். ஆகவே எந்தக் கல், என்ன பூச்சு என்பதை எஞ்சினியரிடம் கேட்டுவிட்டு, பூச்சும் சேர்ந்த தடிமனை மென்பொருளின் அமைப்பில் முதலிலேயே கொடுத்துவிடு. வரைந்து முடித்த பிறகு தடிமனை மாற்றினால் அறைகள் எந்தப் பக்கம் சுருங்கின என்றே கண்டுபிடிக்க முடியாது.

படிக்கட்டுக்கு வருகிறேன்; அதைப் பார்த்ததும் எனக்கு அம்மாவின் முழங்கால் நினைவுக்கு வந்தது. இந்த மென்பொருளில் படிக்கட்டும் நாற்காலி, மேசை போல ஒரு பொருள்தான்: இழுத்தால் நீளும், அமுக்கினால் சுருங்கும், வாயைத் திறந்து எதுவும் சொல்லாது. நீ அதை 8 அடி நீளத்துக்குள் அமுக்கிவிட்டாய். கணக்குப் பார்ப்போம். தளத்துக்குத் தளம் 10 அடி. படியின் உயரம் 6 அங்குலம் என்றால் 20 உயரங்கள். அதை இரண்டு வரிசையாக மடித்தால் ஒரு வரிசையில் 10 உயரங்கள், 9 மிதிகள் (கால் வைக்கும் பரப்புகள்). நடுவில் திரும்புகிற லேண்டிங்குக்கு 3 அடி கொடுத்துவிட்டால் 9 மிதிகளுக்கு உன்னிடம் மிஞ்சுவது 5 அடி; ஒரு மிதிக்கு ஏழு அங்குலம்கூட இல்லை. பாதம் பாதிதான் பதியும். வீடுகளில் மிதி 250 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது, உயரம் 190-க்கு மிகக் கூடாது என்பது 2016-ஆம் ஆண்டின் தேசியக் கட்டட விதித்தொகுப்பு. மிதிக்கு 10 அங்குலம் கொடுத்தால் ஏழரை அடியும் லேண்டிங்கும் சேர்ந்து பத்தரை அடி. அகலம் ஆறேகால் அடி. இதைச் சும்மா ஒரு பெட்டியாக வரைந்து முதலில் வைத்துவிட்டு, மற்ற அறைகளை அதைச் சுற்றி அமைத்துக்கொள். படியின் உயரத்தைக் கூட்டி இடத்தை மிச்சப்படுத்தலாம் என்று யாராவது சொல்வார்கள். அம்மா இருக்கிற வீட்டில் அந்தப் பேச்சுக்கே இடம் கொடுக்காதே.

லேண்டிங்குக்குக் கீழே ஒரு கழிப்பறை வைத்திருக்கிறாய். லேண்டிங் தரையிலிருந்து 5 அடியில் வருகிறது. அதில் கான்கிரீட்டின் தடிமனைக் கழித்தால் நாலரை அடிதான் மிஞ்சும். குனிந்து போய் உட்கார்ந்து குனிந்தே வர வேண்டும். மேலிருந்து பார்க்கிற பிளானில் இது தெரியவே தெரியாது. அங்கே யு.பி.எஸ்., மோட்டார் ஸ்டார்ட்டர், செருப்பு அலமாரி என்று ஏதாவது வைத்துக்கொள்.

மென்பொருளில் உள்ள பொருள்களின் பட்டியலைப் பற்றி அதிகம் எழுத ஒன்றுமில்லை. அதில் வருகிற அடுப்பு மேடையும் கட்டிலும் மேல்நாட்டு அளவு. எதை இழுத்துப் போட்டாலும் உன் வீட்டுப் பொருளின் அளவைத் தட்டிவிடு. சமையல் மேடையின் உயரம் தங்கச்சிக்கு 33 அங்குலம் போதும். கிரைண்டர், கேஸ் சிலிண்டர், பூஜை அலமாரி போன்றவை பட்டியலில் இருக்காது. அளவு தெரிந்த பெட்டி ஒன்றை வைத்துப் பெயரெழுதிவிட்டால் போதும்.

மாடியைத் தனியாக வரையாமல், கீழ்த்தளத்தின் மேலேயே இன்னொரு தளமாகச் சேர்த்து வரை. கீழ்ச்சுவர்கள் மங்கலாகத் தெரியும். குளியலறைக்கு மேல் குளியலறை வந்தால் குழாய்கள் ஒரே டக்டில் இறங்கும். உன் மாடிக் குளியலறை இப்போது சாப்பாட்டு மேசைக்கு நேர் மேலே இருக்கிறது. ஹாலின் நடுவில் தூணே இல்லாமல் இருப்பதும் படத்தில் அழகுதான். அதைத் தாங்குவது எந்தப் பீம், எவ்வளவு ஆழம் என்பது மென்பொருளுக்குத் தெரியாது, ஸ்ட்ரக்சுரல் எஞ்சினியர்தான் சொல்ல வேண்டும். அவர் பில்லர் போட்டுக் கொடுத்த பிறகு அவற்றை உன் பிளானில் கொண்டுவந்து, எந்தக் கதவை எந்தப் பில்லர் மறைக்கிறது என்று ஒரு முறை பார்த்துவிடு. அறை மூலையில் 4 அங்குலச் சுவரிலிருந்து 9 அங்குலப் பில்லர் துருத்திக்கொண்டு நிற்பதைப் புதுமனைப் புகுவிழாவில் பார்த்து வருந்துகிறவர்கள் இங்கே நிறைய.

சம்ப் (நிலத்தடித் தண்ணீர்த் தொட்டி) எங்கே என்று தேடிப் பார்த்தேன், காணவில்லை. பெங்களூரு குடிநீர் வாரியச் சட்டத்தில் 2009-இல் வந்த திருத்தத்தின்படி 1,200 சதுர அடியும் அதற்கு மேலும் உள்ள மனையில் புதிதாகக் கட்டுகிறவர்கள் மழைநீர் சேகரிப்பு அமைக்க வேண்டும். உன் மனை சரியாக 1,200. ஆகவே சம்ப், மழைநீர்த் தொட்டி, அவற்றுக்குப் போகிற குழாய், கார் நிற்கும் இடம் எல்லாம் தரைத்தளப் பிளானில் இடம்பெற வேண்டும். சம்பின் மூடி கார்ச் சக்கரத்துக்கு நேராக வந்துவிடாமல் பார்த்துக்கொள்.

அளவுகளை எழுதுவதில் கைக்கஞ்சம் பார்க்காதே. ஒவ்வொரு அறைக்கும் உள்ளளவை நடுவில் எழுது. வெளியே சுவரிலிருந்து சுவருக்குத் தொடர் அளவு கொடுத்து, அவற்றைக் கூட்டினால் 24 அடி வருகிறதா என்று சரிபார். கதவுகளுக்கு D1, D2 என்றும் ஜன்னல்களுக்கு W1, W2 என்றும் குறியிட்டு, ஓரத்தில் அளவுப் பட்டியல் போட்டுவிடு. மேஸ்திரி தாளின் மேல் ஸ்கேல் வைத்து அளக்க நேர்ந்தால் அந்தப் பிளான் முடியவில்லை என்று அர்த்தம். நான் டிராயிங் போர்டில் தொடங்கி, ஆட்டோகேட் என்ற வரைபட மென்பொருளில் ஓய்வு பெற்றவன். கருவி மாறியதே தவிர இந்த ஒரு விஷயத்தில் மேஸ்திரிகள் மாறவில்லை.

அச்சிடும்போது தாளுக்குப் பொருத்து என்ற வசதியை அணைத்துவிட்டு, ஓர் அடிக்குக் கால் அங்குலம் என்ற அளவைத் தேர்ந்தெடு. உன் சைட் முழுவதும் ஏழரைக்குப் பத்து அங்குலமாக ஓர் ஏ4 தாளிலேயே அடங்கிவிடும். வந்த தாளில் வாசல் பக்கத்தை ஸ்கேலால் அளந்து பார். ஏழரை அங்குலம் வராவிட்டால் அச்சு இயந்திரம் சுருக்கியிருக்கிறது.

மாநகராட்சி ஒப்புதலுக்கு உன் வரைபடம் நேரடியாகப் போகாது என்பதை மனத்தில் வைத்துக்கொள். இந்த மென்பொருள் பி.டி.எஃப். தரும், ஆட்டோகேடின் டி.டபிள்யூ.ஜி. கோப்பைத் தராது, எப்படியிருந்தாலும் பதிவுபெற்ற எஞ்சினியரோ கட்டடக் கலைஞரோ ஆட்டோகேடில் தளப்படம், வெட்டுத்தோற்றம், முகப்பு, பரப்பளவுக் கணக்கு என்று முறையாக வரைந்து கையெழுத்திட வேண்டும். 2024-இல் வந்த, பிளானுக்கு இணையவழி ஒப்புதல் தரும் நம்பிகெ நக்ஷெ திட்டத்திலும் பொறுப்பு அந்தக் கையெழுத்தின் மேல்தான். அதனால் ஸ்கெட்ச்அப் என்ற முப்பரிமாண மென்பொருளைக் கற்றுக்கொள்ளட்டுமா, பணம் கொடுத்து வேறு ஏதாவது வாங்கட்டுமா என்று நீ கேட்டதற்கும் இதே பதில்: தேவையில்லை. கையிலிருப்பதில் அளவு சரியாக இருந்தால் அவருக்கு அது தாராளம். உங்கள் மூவருக்கும் என்ன வேண்டும் என்பதை அவரிடம் வாயால் சொல்லி விளங்கவைக்கிற பாடு மிச்சம். அதற்காகவே நீ வரைந்தது வீண்போகாது.

படத்தை அனுப்பாமல் இனி மென்பொருளின் கோப்பையே மின்னஞ்சலில் அனுப்பு. நானும் என் கணினியில் திறந்து பார்க்கிறேன். சுவரையும் படிக்கட்டையும் மட்டும் திருத்து, சோபாவைத் தொடாதே. பத்திர நகலும் ஈ-காத்தாவும் (மாநகராட்சியின் மின்னணுச் சொத்துப் பதிவுச் சான்று) ஒரு பையில் இருக்கட்டும். எஞ்சினியர் முதலில் அதைத்தான் கேட்பார். ரயில் டிக்கெட் போட்டதும் தேதியைச் சொல். எங்கள் வீட்டிலேயே தங்கலாம், அறை ஒழித்து வைத்திருக்கிறோம். அம்மாவுக்கு என் வணக்கத்தையும் தங்கச்சிக்கு எங்கள் அன்பையும் சொல்லவும்.

அன்புடன்,
உன் பழைய அறைத்தோழன்